கடைசிக் கிணற்றுத் தண்ணீர்

ஆய்வகத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு முதலில் ஒன்று சொல்கிறேன். முகத்தைப் பழக்குங்கள். கண்ணாடிச் சாமான் கழுவுவது சீக்கிரம் கைக்கு வந்துவிடும். முகம் வர வருடங்கள் ஆகும்.

ஏன் என்று கேட்பீர்கள். பிராக்டிகல் நடக்கும்போது கவனியுங்கள். பிள்ளைகள் சோதனைக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார்கள். ஆனால் பார்ப்பது குழாயை இல்லை, நம் முகத்தை. அட்டெண்டர் அண்ணன் புருவம் ஏறினால் தப்பு. அப்படியே இருந்தால் சரி. அதை வைத்தே விடை எழுதிவிடுவார்கள்.

அவர்களைக் குறை சொல்லவில்லை. விடை ஏற்கெனவே மேசை டிராயருக்குள் இருக்கிறது. அதை எட்டிப் பிடிப்பதுதான் பிராக்டிகல். ஒரு ரீடிங் வரிசைக்கு வரவில்லை என்றால் கை பிசகிவிட்டது என்று வைத்துக்கொள்வார்கள். முன்னால் உள்ளதையும் பின்னால் உள்ளதையும் பார்த்து நடுவில் உள்ளதைச் சரிக்கட்டி எழுதுவார்கள். கிராப் அழகாக வரும். மார்க்கும் வரும். யாருக்கும் நஷ்டம் இல்லை. எல்லாக் கல்லூரியிலும் நடப்பதுதான்.

ஒரு தடவை மட்டும் அப்படி முடியவில்லை. அதைத்தான் எழுத வந்தேன்.

நான் வேலை பார்த்தது தாம்பரம் பக்கத்தில் ஒரு கல்லூரி. வேதியியல் துறை. நான் எட்டாவதோடு நின்றவன். எண்பதுகளின் நடுவில் எங்கள் துறைக்கு ஒரு மேடம் புதிதாக வந்தார். பெயர் எழுதவில்லை, அவருக்குப் பிடிக்காது. அதிகம் பேசமாட்டார். கேள்வி கேட்டால் பதிலுக்கு இன்னொரு கேள்வி கேட்பார். பிள்ளைகளுக்கு அவர் என்றால் பயம்.

வந்த வருடமே துறைத் தலைவரிடம் ஒன்று கேட்டார். மூன்றாம் வருடப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு ஆராய்ச்சி செய்ய வேண்டும். நான் டீ வைத்துக்கொண்டிருந்தேன்.

"என்னத்த மேடம் ஆராய்ச்சி? ரெக்கார்டு நோட்டையே சீனியர்கிட்ட வாங்கி காப்பி அடிக்குதுங்க" என்றார் தலைவர்.

"காப்பி அடிக்க முடியாததா ஒண்ணு குடுப்போம் சார்."

"அப்படி ஒண்ணு இருக்கா நம்ம ஊர்ல?"

"பதில் யாருக்கும் தெரியலன்னா யாரைப் பாத்து காப்பி அடிப்பாங்க?"

தலைவர் சிரித்துவிட்டார். "சரி, செய்ங்க. யூனிவர்சிட்டி எக்ஸாமுக்கு வெச்சிருக்கற கெமிக்கல்ல மட்டும் கை வெக்காதீங்க. ஏழுமலை, பாத்துக்க." ஏழுமலை என்பது நான்.

அப்படி ஆளுக்கு ஒன்று கொடுத்தார். அமுதா என்ற பெண்ணுக்குக் கிணறு வந்தது. பெருங்களத்தூரில் இருந்து வருவாள். அப்பா ரயில்வேயில் கேங்மேன், தண்டவாளம் பராமரிக்கும் வேலை. கெட்டிக்காரி. கிராப் போட்டால் அச்சடித்த மாதிரி இருக்கும். அதற்காகவே அவள் ரெக்கார்டு நோட்டு வகுப்பு முழுக்கச் சுற்றும்.

வேலை இதுதான். பல்லாவரம் பக்கம் ஒரு தோல் கம்பெனி. பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டு வைப்பார்கள். பிறகு கழுவுவார்கள். அந்தத் தண்ணீர் ஒரு வாய்க்காலில் போகும். வாய்க்காலுக்குப் பக்கத்தில் இருக்கும் கிணறுகளில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது, தள்ளிப் போகப் போக எவ்வளவு குறைகிறது என்று பார்க்க வேண்டும். பெண்பிள்ளையைத் தனியாக அனுப்ப மேடத்துக்கு மனம் இல்லை. என்னைத் துணைக்கு அனுப்பினார். சைக்கிள் கேரியரில் பாட்டில் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனேன்.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வரவேற்பு.

"இன்னாம்மா, தண்ணி வரி போட வந்துகிறீங்களா?"

"இல்லக்கா, காலேஜ்ல இருந்து. கிணத்துத் தண்ணிய டெஸ்ட் பண்ணணும்."

"கெணத்துக்கு இன்னா, ஜுரமா?"

பக்கத்து வீட்டுக்காரி என்னைப் பார்த்து, "இவரு யாரு, டாக்டரா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அமுதாவும் சிரித்தாள். ஆனால் ஒருத்தியும் தண்ணீர் தர மறுக்கவில்லை. வாளி கட்டி இறைத்துக் கொடுத்தார்கள்.

கடைசிக் கிணறு வாய்க்காலில் இருந்து ரொம்பத் தூரம். புதிதாகப் பிளாட் போட்டு விற்ற இடம். ரயில்வே லைனுக்குக் கிழக்கே, செங்கல் இன்னும் பூசாத வீடுகள். அங்கே ஸ்டெல்லா என்று ஒரு பெண். வயிற்றில் பிள்ளை, மாதம் ஏறிவிட்டது. வீட்டுக்காரர் மறைமலை நகரில் கம்பெனி வேலை, ஷிப்டு. மற்றவர்கள் மாதிரி கேலி செய்யவில்லை. அமுதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, இந்தத் தண்ணி குடிக்கலாமா?"

"ஏன்க்கா, இப்ப குடிக்கறதில்லையா?"

"தோல் கம்பெனி கீதுன்னு எல்லாரும் பயங்காட்டறாங்க. வாய்க்கு நல்லாத்தான் கீது. ஆனா வயித்துல ஒண்ணு கீதே. அதனால லைனுக்கு அந்தாண்ட போயி பைப்புல புடிச்சிகினு வரேன். வயித்தையும் தள்ளிகினு கொடத்தையும் தூக்கிகினு தண்டவாளம் தாண்டறது பேஜாரா கீதும்மா. அன்னிக்கி வண்டி ஊதறது காதுல வுழல. பின்னால வந்த ஒரு பொம்பள புடிச்சி இழுத்தா. இது நல்ல தண்ணின்னு நீ ஒரு வார்த்தை சொன்னா, நான் எதுக்கு லைனைத் தாண்டப்போறேன்?"

"டெஸ்ட் பண்ணிட்டு வந்து சொல்றேன்க்கா" என்றாள் அமுதா.

ஆய்வகத்துக்கு வந்தோம். சோதனை முறை உங்களுக்குத் தெரியும். வெளி ஆட்கள் படித்தால் புரிய வேண்டும் என்பதற்காக ஒரு வரி. தண்ணீரில் ஒரு மஞ்சள் கரைசலைக் கலக்க வேண்டும். மேலே இருந்து மருந்து சொட்டுச் சொட்டாக விழும். மஞ்சள் செங்கல் நிறமாக மாறும்போது நிறுத்த வேண்டும். எவ்வளவு மருந்து குடிக்கிறதோ அவ்வளவு உப்பு இருக்கிறது.

முதல் பாட்டிலை எடுத்தாள். குடுவையைச் சுழற்றிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள்.

"அண்ணா, இது எவ்வளவு வரணும்?"

"தெரியாதும்மா."

"மேடத்துக்குத் தெரியுமா?"

"அவங்களுக்கும் தெரியாது."

"அப்ப யாருக்குத்தான் தெரியும்?"

யோசித்தேன். யாருக்கும் தெரியாது. அந்தக் கிணற்றைத் தோண்டியவனுக்குத் தெரியாது. அதில் குளித்து, துவைத்து, சோறாக்கியவர்களுக்குத் தெரியாது. எந்தப் புத்தகத்திலும் இல்லை. அந்த ஆய்வகத்தில் எத்தனையோ வருடம் நின்றிருக்கிறேன். விடை இல்லாத குடுவையை அன்றைக்குத்தான் பார்த்தேன். உலகத்திலேயே முதல் ஆளாக அது இந்தக் கேங்மேன் மகளுக்குத் தெரியப்போகிறது. கோவில் கதவைத் திறக்கப்போகும் நேரத்தில் கூட்டம் பேச்சை நிறுத்தும் பாருங்கள், எனக்கு அப்படி ஆனது. கையில் இருந்த துடைக்கும் துணியைக் கீழே வைத்தேன்.

நிறம் மாறியது. அவள் எழுதிக்கொண்டாள். அடுத்தது. அதற்கு அடுத்தது. தூரம் கூடக் கூட உப்பு குறைந்துகொண்டே வந்தது. அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. கடைசிப் பாட்டிலை எடுத்தபோது என்னை ஸ்டோருக்குக் கூப்பிட்டார்கள். போய்விட்டேன். திரும்பி வந்தபோது கடைசிக் குடுவையைக் கழுவப் போட்டுவிட்டு கிராப் பேப்பரில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

அங்கே நடந்தது எனக்கு அப்போது தெரியாது. இப்போது சொல்லிவிடுகிறேன். கடைசிக் கிணற்றுத் தண்ணீர் குறைவாக வரவில்லை. மருந்தைக் குடித்துக்கொண்டே இருந்தது. அவள் பயந்துவிட்டாள். தன் கைதான் தப்பு என்று நினைத்தாள். அவ்வளவு தூரத்தில் உப்பு எப்படி வரும்? மூன்று வருடப் பழக்கம் கைக்குத் தானாக வந்தது. கோடு எங்கே போகிறதோ அங்கே கடைசிப் புள்ளியை வைத்தாள். அவளுக்கு அது பொய் என்றே தோன்றவில்லை. சரிசெய்தோம் என்றுதான் நினைத்தாள்.

கிராப்பைத் தலைவர் பார்த்தார். "அடேங்கப்பா" என்றார். "புத்தகத்துல போடலாம் போலிருக்கே." மேடம் ரொம்ப நேரம் பார்த்தார். பாட்டில்களில் மீதித் தண்ணீரை மட்டும் கொட்டாமல் வைக்கச் சொன்னார். எந்த ஆராய்ச்சி முடிந்தாலும் அவர் சொல்வது அது. வைத்தேன்.

அடுத்த வாரம் அமுதா வந்து சொன்னாள்.

"அண்ணா, வெள்ளிக்கிழமை சந்தையில ஸ்டெல்லா அக்காவப் பாத்தேன். உங்க கிணறு ரொம்ப தூரம்க்கா, தண்ணி நல்லாருக்கும், தாராளமா குடிங்கன்னு சொல்லிட்டேன். கைய எடுத்துக் கும்பிட்டாங்கண்ணா. கூடை நெறைய கத்திரிக்கா வெச்சிருந்தாங்க, ரெண்ட எடுத்து என் பையில போட்டுட்டாங்க."

"இனிமே லைனைத் தாண்ட மாட்டாளா?"

"தாண்ட மாட்டாங்க."

எனக்கும் சந்தோஷம்தான்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். ஒரு பெரிய ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து விஞ்ஞானி ஒருவர் வந்தார். ஒவ்வொரு கல்லூரியாகப் போய் மூன்றாம் வருடப் பிள்ளைகளின் வேலையைப் பார்க்கிறார். பிடித்தால் ஒருவரைக் கோடை விடுமுறைக்குத் தன் நிலையத்தில் சேர்த்துக்கொள்வார். எங்கள் கல்லூரியில் அப்படி யாரும் போனதில்லை. தலைவர் அமுதாவைத்தான் முன்னால் நிறுத்தினார். அவள் அக்காவின் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கிராப் சுவரில் ஒட்டியிருந்தது.

விஞ்ஞானி பார்த்தார். நல்லது என்றார். வெறும் படம்தானே, அதற்கு மேல் அவருக்கு என்ன தெரியும். தலைவருக்கு அது போதவில்லை.

"சார், ஒண்ணு செஞ்சே காட்டச் சொல்றேன். மீதித் தண்ணி இருக்கு. கடைசிக் கிணறு, ரொம்ப தூரத்துல இருக்கறது. உப்பே இருக்காது, ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடும். ஏழுமலை, அத எடு."

எடுத்துக் கொடுத்தேன். பாட்டிலை வாங்கும்போது அவள் விரல் சில்லென்று இருந்தது. கூட்டத்தைப் பார்த்துப் பயப்படுகிறாள் என்று நினைத்தேன்.

சொட்டு விழ ஆரம்பித்தது. எல்லோரும் சுற்றி நின்றார்கள். கிராப்பில் இருந்த அளவு வந்தது. குடுவை மஞ்சள். தாண்டியது. மஞ்சள். இன்னும் விழுந்தது. மஞ்சள்தான்.

யாரோ தொண்டையைச் செருமினார்கள். தலைவர் குனிந்து பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"என்னய்யா, குடுவைய ஒழுங்கா கழுவுனியா இல்லையா?"

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இது உங்களுக்கும் வரும். அந்தப் பெண் இப்போது தப்பிக்க ஒரு வாசல் திறந்திருக்கிறது. நான் தலையைச் சொறிந்து, ‘சரியா கழுவல சார்’ என்றால் போதும். இரண்டு திட்டு எனக்கு. அவளுக்கு ஒன்றும் இல்லை. விஞ்ஞானி சிரித்துவிட்டுப் போவார். சட்டென்று சொல்லிவிடலாம் போலத்தான் இருந்தது. பிள்ளை பாவம். நமக்கு என்ன, எத்தனையோ திட்டு வாங்கியாயிற்று.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பேசினாள்.

"அண்ணன் நல்லாத்தான் கழுவினாரு சார்."

"அப்புறம் என்னம்மா?"

"இந்தத் தண்ணி இப்படித்தான். மொதல் தடவையும் இப்படித்தான் வந்தது. கிராப்ல ஒட்டலன்னு நான்தான் மாத்திட்டேன்."

தலைவரின் காது சிவந்துவிட்டது. அவள் குடுவையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அழவில்லை. ஏதோ கணக்குப் போடுகிற மாதிரி உதடு அசைந்தது. பிறகு மேடத்தைப் பார்த்தாள்.

"மேடம், அங்க ஒரு அக்கா மாசமா இருக்காங்க. குடிக்கலாம்னு சொல்லிட்டேன். குடிச்சிக்கிட்டு இருக்காங்க. நான் இப்பவே போகணும்."

விஞ்ஞானி நிற்கிறார். தலைவர் நிற்கிறார். அவள் வாழ்க்கையில் அப்படி ஒரு நாள் இன்னொன்று வருமா என்று தெரியாது. மேடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"போ."

என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் கிளம்பினேன்.

தாம்பரம் ஸ்டேஷனில் வண்டி நின்றுகொண்டிருந்தது. ஏறினோம். அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். பத்தொன்பது இருபது வயது இருக்கும். அத்தனை பெரியவர்கள் நடுவில், தான் செய்ததைத் தானே சொல்லிவிட்டு, அது முடிந்ததாகக்கூட நினைக்காமல், அடுத்த வேலைக்குக் கிளம்பிவிட்டாள். எதிர் சீட்டில் உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். எனக்குத் தெரிந்த பெரிய மனிதர்களையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். இப்படி ஒருவரும் நினைவுக்கு வரவில்லை.

ஸ்டெல்லா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பட்டுப்புடவையைப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னாம்மா, கல்யாணமா?"

"அக்கா, இந்தத் தண்ணிய குடிக்காதீங்க."

முறம் நின்றது. "இன்னா சொல்ற?"

"நான் சொன்னது தப்புக்கா. வாய்க்குத் தெரியாட்டியும் இதுல உப்பு அதிகமா இருக்கு. அந்தக் கம்பெனித் தண்ணி எப்படியோ இங்க வருது. உப்பு வர்ற வழியில மத்ததும் வரும். குடிக்காதீங்க."

"அன்னிக்கி நல்லாருக்கும்னு நீதான சொன்ன?"

"நான்தான் சொன்னேன்."

"வெளாட்டா உனுக்கு? வயித்துல புள்ளய வெச்சிகினு உன் பேச்ச நம்பி குடிச்சிகினு கீறேன். இப்ப வந்து பட்டுப்பொடவ கட்டிகினு தப்புன்ற."

அமுதா சமாதானம் எதுவும் சொல்லவில்லை. படிப்புப் பேச்சு பேசவில்லை. தலை குனியவும் இல்லை. கேட்டுக்கொண்டாள். ஸ்டெல்லா உள்ளே போனாள். பிளாஸ்டிக் குடத்தைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள்.

"இந்த வேளைக்குக் குடிக்க தண்ணி இல்ல. போ. நீயே புடிச்சிகினு வா."

நான் குடத்தை எடுக்கப் போனேன். "நீ இரு, அவ போவட்டும்" என்றாள் ஸ்டெல்லா.

அவள் போனாள். கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தண்டவாளத்தைத் தாண்டினாள். திரும்பும்போது குடம் இடுப்பில் நிற்கவில்லை, புடவை பாதி நனைந்துவிட்டது. லைனுக்கு இந்தப் பக்கம் வந்து மேட்டில் குடத்தை இறக்கினாள். மூச்சு வாங்கினாள். அப்படியே நின்றுவிட்டாள். நான் கிட்டே போனேன்.

"அண்ணா, அங்க பாருங்க."

"இன்னா?"

"அந்த வீடுங்களோட காம்பவுண்டு சுவரு. விரிசல் விட்டிருக்கறது எல்லாம் ஒரே வரிசையில இருக்கு. அந்தப் பக்கம் வீட்ல விரிசல் இல்ல. இந்தப் பக்கமும் இல்ல. நடுவுல மட்டும். கோரைப்புல்லு கூட அந்த வரிசையிலதான் இருக்கு. வேற எங்கயும் இல்ல."

பார்த்தேன். அவள் சொன்ன பிறகு தெரிந்தது. வீடுகளுக்கும் வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே, கொஞ்சம் வளைந்து, ஒரு பட்டை மாதிரி போனது. தோல் கம்பெனி இருக்கும் திசையில் இருந்து வந்து ஸ்டெல்லா வீட்டைத் தொட்டுக்கொண்டு போனது. நடந்து போகிற எல்லோர் கண்ணிலும் படுகிற புல். யாரும் பார்க்காத புல்.

"கீழ ஏதோ போகுதுண்ணா" என்றாள். குரல் ரொம்ப மெல்லமாக வந்தது.

அன்று அவள் குடத்தைக் கொண்டுபோய் வைத்ததும் ஸ்டெல்லா அதை உள்ளே எடுத்துக்கொண்டாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

கல்லூரியில் என்ன நடந்தது என்பதை மறுநாள் மற்ற அட்டெண்டர்கள் சொன்னார்கள். நாங்கள் போன பிறகு விஞ்ஞானி கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தாராம். அவள் விட்ட இடத்தில் இருந்து அவரே சொட்டு விட்டு, செங்கல் நிறம் வரும்வரை பார்த்தாராம். பிறகு மேடத்திடம், "இந்தப் பொண்ண நான் கூட்டிட்டுப் போகல. இவ வேலை இங்க இருக்கு" என்றாராம். கோடைக்கு வேறு கல்லூரிப் பையன் ஒருவன் போனான். அமுதா இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. ஆசை இருக்கத்தானே செய்யும்.

மேடம் அவளைத் திட்டவில்லை. கிராப்பைச் சுவரில் இருந்து எடுக்கவும் இல்லை. புதுத் தாள் ஒன்றைக் கொடுத்தார். "இப்ப நீ என்ன கேக்கணும்?" என்று மட்டும் கேட்டார்.

மறுபடி பாட்டில் பெட்டி. மறுபடி சைக்கிள். இந்தத் தடவை மேடமும் வெயிலில் நடந்து வந்தார். வாய்க்காலில் இருந்து எவ்வளவு தூரம் என்று பார்க்கவில்லை. கோரைப்புல்லைப் பார்த்துப் போனோம். புல்லின் மேல் இருக்கும் கிணறு, அதற்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. மருந்து தீர்ந்துபோனது. தலைவர் வந்து என்னிடம், "யூனிவர்சிட்டி எக்ஸாம் பாட்டிலு எங்க?" என்றார். பூட்டின அலமாரியைக் காட்டினேன். சாவியை எடுத்து அவரே திறந்து கொடுத்தார். "எக்ஸாமுக்கு நான் எப்படியாவது வாங்கிக்கறேன். அந்தப் பொண்ணு முடிக்கட்டும்" என்றார். அன்றைக்கு அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது.

விடை வந்தது. புல்லின் மேல் இருந்த கிணறுகளில் எல்லாம் உப்பு. பத்தடி தள்ளி, ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த கிணற்றில் இல்லை. அமுதா அதை ஒரு படமாகப் போட்டாள். அச்சடித்த மாதிரி இல்லை. அழித்து அழித்து அழுக்காக இருந்தது. ஆனால் வீடுகளுக்கு நடுவே பாம்பு ஊர்ந்த தடம் போல ஒன்று வளைந்து வளைந்து போனது.

பிளாட் போட்டு விற்றவர் அந்த ஊர்க்காரர். முன்பு அங்கே பயிர் வைத்தவர். மேடம் படத்தைக் கொண்டுபோய் அவரிடம் காட்டினார். அவருக்குப் படம் புரியவில்லை, அமுதா விரலால் தடத்தைக் காட்டினாள். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு விற்காத பிளாட் இன்னும் இருந்தது. பேசுவாரா என்று சந்தேகம்தான்.

"இத எப்படிம்மா கண்டுபுடிச்ச?" என்றார் கடைசியில். "ஏரி ரொம்பினா தண்ணி போற ஓடை இது. மண்ணு கொட்டி மூடிட்டோம். மூடிட்டா போச்சுன்னு நெனச்சோம்."

போகவில்லை. மேலே வீடு, தெரு, கரண்டு கம்பம் எல்லாம் வந்துவிட்டது. கீழே தண்ணீர் தன் பழைய மணலைப் பிடித்துக்கொண்டு, கம்பெனி உப்பையும் இழுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்திருக்கிறது. வீடு கட்டியவர்களுக்குத் தெரியாது. அதன் மேல் படுத்துத் தூங்குகிறவர்களுக்குத் தெரியாது. இந்தப் பெண் அதைக் கண்ணால் பார்க்கவில்லை. மண்ணைத் தோண்டவில்லை. சொட்டு எண்ணி, சுவர் விரிசலைப் பார்த்து, பூமிக்கு அடியில் இருப்பதைக் காகிதத்தில் வரைந்துவிட்டாள். அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது நான் தரையைப் பார்த்துக்கொண்டே போனேன். என் தெருவுக்குக் கீழே என்ன போகிறதோ என்று இருந்தது.

உங்களுக்குச் சொல்ல நினைத்தது இது. பிள்ளைகள் மேல் இரக்கப்பட்டு ‘நான் சரியாகக் கழுவவில்லை’ என்று பழியை வாங்கிக்கொள்ளாதீர்கள். கண்ணாடி சுத்தமாக இருந்தால் சுத்தம் என்று நில்லுங்கள். அன்று என் வாயில் அந்த வார்த்தை வந்திருந்தால் ஓடை மண்ணுக்குக் கீழேயே கிடந்திருக்கும். ஒருத்தி அதைக் குடித்துக்கொண்டே இருந்திருப்பாள்.

பரீட்சை முடிந்து அமுதா மீதி வேலைக்கு ஆய்வகம் வந்துகொண்டிருந்தாள். ஒருநாள் காலையில் வராந்தாவில் பேச்சுச் சத்தம். எட்டிப் பார்த்தேன். ஸ்டெல்லா வீட்டுப் பக்கத்துப் பெண்கள். ஆளுக்கு ஒரு பாட்டில். ஹார்லிக்ஸ் பாட்டில், மருந்து பாட்டில், ஒருத்தி பித்தளைச் செம்பையே கொண்டுவந்திருந்தாள். வாட்ச்மேனுக்கு அவர்களைத் தடுக்கத் தெரியவில்லை. முதலில் நின்றவள் ஸ்டெல்லா. தோளில் குழந்தை, பெண் குழந்தை. தூங்கிக்கொண்டிருந்தது.

அமுதா எழுந்து நின்றாள். "பாப்பா நல்லாருக்குதாக்கா?" என்று குழந்தையைப் பார்த்துக் கேட்டாள்.

"நல்லா கீறா. ராத்திரி தூங்கமாட்டா, பகல்ல தூங்குவா." பாட்டிலை நீட்டினாள். "இது பக்கத்துத் தெரு கெணறு. அந்த வூட்டம்மா எடுத்துக்கச் சொல்லுது. புல்லு இல்லாத எடம். பாத்துச் சொல்லு. என் மனசு நோவக்கூடாதுன்னு எதுனா சொல்லிடாத."

"சொல்லமாட்டேன்க்கா."

எல்லோரும் உள்ளே வந்து மேசையைச் சுற்றி நின்றார்கள். சொட்டு விழுந்தது. கொஞ்ச நேரத்திலேயே செங்கல் நிறம் வந்தது. அமுதா சிரிக்கவில்லை. இன்னொரு தடவை செய்தாள். அதே இடத்தில் மாறியது.

"உப்பு இல்லக்கா. ஆனா நான் பாத்தது உப்பு மட்டும்தான். தோலுக்குப் போடற மருந்து கலந்திருக்கான்னு இங்க பாக்க வசதி இல்ல. மேடம் வேற எடத்துக்கு அனுப்பணும்."

"அது எப்ப வரும்?"

"தெரியலக்கா."

"வந்தா குடிக்கலாமா?"

"அதுவும் தெரியலக்கா. பாத்தாதான் தெரியும்."

செம்பு வைத்திருந்தவள் பின்னால் இருந்து, "இம்மாம் படிச்சிகீற, இன்னாதான் தெரியும் உனுக்கு?" என்றாள். சிரிப்பு எழுந்தது.

ஸ்டெல்லா திரும்பினாள். "அவ தெரியலன்னா நெசமாவே தெரியலன்னு அர்த்தம். நீ சும்மா இரு."

குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"சரிம்மா. வர்ற வரைக்கும் லைனுக்கு அந்தாண்டவே போறேன். வண்டி பாத்துத் தாண்டிக்கிறேன்."

வழி விட்டு நின்றார்கள். அவள் போனாள். அமுதா அடுத்தவளிடம் கையை நீட்டிச் செம்பை வாங்கிக்கொண்டாள்.